அக்கா பார்த்துச் சொன்ன வெளிச்சம்

நான் என் ஆயுளில் மூன்று கண்டுபிடிப்புகள் செய்தேன். முதல் இரண்டும் தீப்பிடித்துக்கொண்டன. மூன்றாவது மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. அதுவும் மற்ற இரண்டோடு சேர்ந்து எரிந்து தொலைந்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

தீப்பிடித்தவற்றைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன். ஒன்று, பாட்டின் தாளத்துக்குத் தக்கபடி மினுக்கும் விளக்கு. ஒரு சலூன் ரேடியோவில் பொருத்தினேன். தீபாவளிக்கு முந்தின நாள், கூட்டம் நெருக்கியடித்த நேரம், தவில் உச்சத்துக்குப் போனபோது ரேடியோவிலிருந்து புகை வந்தது. பாதி மழித்த முகத்தோடு நாலு பேர் தெருவுக்கு ஓடி வந்ததை எதிர் டீக்கடையில் இருந்தபடி பார்த்தேன். டீயை முடித்துவிட்டு வேறு பக்கமாக வீட்டுக்குப் போனேன். இன்னொன்று, குறித்த நேரத்தில் ரேடியோவையும் ஒரு சின்ன விளக்கையும் தானே போட்டு ஆளை எழுப்புகிற கடிகாரம். நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்த ஒரு பேராசிரியர் அதை ஆசையாக வாங்கிப் போனார். குறித்த நேரத்துக்கு அவர் எழுந்தது உண்மை. கொசுவலையில்தான் ஒரு மூலை இல்லாமல் போனது.

எழுபதுகளின் பின்பாதி அது. மேல மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கும் கயிற்றுக்கடைக்கும் நடுவில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடை என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். நான் உள்ளே உட்கார்ந்துவிட்டால் வந்தவர் வெளியேதான் நிற்க வேண்டும். மழை வந்தால் அவர் தலை மட்டும் உள்ளே வரும். போர்டில் ‘ரேடியோ டாக்டர்’ என்று எழுதிப் போட்டிருந்தேன். டாக்டரின் படிப்பைப் பற்றிக் கேட்டால், பதினோராம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் அதே மார்க்கை வாங்கியவன் நான். அப்படி ஒரு நிதானம்.

அந்தக் காலத்து ரேடியோக்களில் ஒரு குறை இருந்தது. முன்பக்கக் கண்ணாடியில் ஊர்ப் பெயர்களாகவும் எண்களாகவும் எழுதியிருக்கும். திருகைத் திருப்பினால் ஒரு முள் அதன்மேல் நகரும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் ஒரு பல்பு எரியும். பல்புப் பக்கத்து ஊர்கள் பளிச்சென்று தெரியும், மறு ஓரத்து ஊர்கள் இருட்டில் கிடக்கும். கொழும்பைத் தேட நெருப்புக்குச்சி கிழிக்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். முள் எங்கே போகிறதோ அங்கேயே விளக்கும் கூடப் போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பல்பு ஒன்றை முள்ளின் முதுகில் உட்கார வைத்தேன். ஒயர் போட்டால் முள் போய் வந்து போய் வந்து மூன்றாம் நாள் அறுந்துவிடும். அதனால் ஒயரை எடுத்துவிட்டு, இரண்டு பித்தளைத் தகடுகளைத் தண்டவாளம் மாதிரி நீள ஒட்டி, அதில் பல்பை ரயில்போல ஓடவிட்டேன். நகரும்போது கர்ரென்று ஒரு சத்தம் வரும். கேட்டவர்களிடம், முள் நகர்கிறது என்று ரேடியோ சொல்லுகிறது என்றேன்.

இதற்கு ‘நடக்கும் விளக்கு’ என்று பெயர் வைத்தேன். ஆனால் யாரிடம் கொடுப்பதற்கும் முன்னால் அது அக்காவிடம் போக வேண்டும்.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கைராசிக்காரி என்று சின்ன வயதிலேயே முத்திரை குத்திவிட்டார்கள். விதை நெல்லை முதலில் அவள் அள்ளிக் கொடுத்தால்தான் அப்பா வயலில் இறங்குவார். பசுமாடு வாங்கினால் அவள்தான் முதலில் கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். விளாங்குடியில் கட்டிக்கொடுத்த பிறகும் அது ஓயவில்லை. என் கடை திறப்பு விழாவுக்கு வந்து முதல் சுவிட்சைப் போட்டவள் அவள். அந்தக் கை பட்டும் கடை இந்த லட்சணத்தில் ஓடுகிறதே என்று மச்சான் கேட்டார். அவள் கை படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன்.

ஆகையால் நான் விளக்குப் பொருத்துகிற ஒவ்வொரு ரேடியோவும் துண்டில் கட்டி, சைக்கிள் கேரியரில் ஏறி, வைகையைத் தாண்டித் திண்டுக்கல் ரோடு வழியாக விளாங்குடிக்குப் போகும். மச்சானுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. மதிய ஷிப்டு நாட்களில் அக்கா தையல் மிஷினோடு தனியாக இருப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். நான் போனதும் மிஷினை மூடிவிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிடுவாள். இருட்டில் பார்த்தால்தானே வெளிச்சத்தின் யோக்கியதை தெரியும். அது என் யோசனை. அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் செட்டை அவள் போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முட்டைக்கோசுப் பொரியல் வாடை அடிக்கிற இருட்டு அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திருகைத் திருப்பினாள். சின்ன வெளிச்சம் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்ந்தது.

“எம்புட்டு அழகாப் போகுதுடா. மின்மினிப்பூச்சிக்கு ஊர்சுத்தக் கத்துக் குடுத்த மாதிரி இருக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு சோதனை என்பது ஒரு சாக்காகிவிட்டது. முள் ஏதாவது பாட்டில் வந்து நின்றால் அவள் திருகை விடமாட்டாள். அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்பாள், அடுத்ததையும் கேட்பாள். ‘நம்ம வீட்டு டாக்கீஸ்’ என்பாள். காலையில் எழுந்தால் அடுப்பு, மிஷின், மறுபடி அடுப்பு என்று கிடந்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சும்மா இருக்கிற நேரம். அதை நான் கொடுத்தேன் என்று எனக்குப் பெருமை. வாரத்துக்கு இரண்டு செட், மூன்று செட் என்று போகத் தொடங்கியது.

விளக்கு நிஜமாகவே பேர் வாங்கியது. டீக்கடை, சைக்கிள் கடை, அவனியாபுரத்துப் பட்டறைகள் என்று செட்டுகள் வந்தன. கொஞ்சநாளில் அலங்காரமும் சேர்த்தேன். அக்காவின் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டி, திருச்சிக்குப் பச்சை, சென்னைக்கு நீலம், கொழும்புக்குச் சிவப்பு என்று ஊருக்கு ஒரு நிறம் கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவரும் நிறம் பார்த்து ஸ்டேஷன் பிடிக்கலாம். அந்த வருஷம் எனக்கு வளையல் துண்டுக்குப் பஞ்சமே வரவில்லை. நான் போகும்போதெல்லாம் ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்திருப்பாள். நிலைக்கதவில் கை இடித்துக்கொண்டேன், அடுப்பு மேடையில் இடித்துக்கொண்டேன் என்பாள். உனக்காகவே உடைக்கிறேன் போ என்றும் சொல்வாள். இன்னும் நாலு டஜன் வாங்கி மாட்டிக்கொண்டு நன்றாக இடித்துக்கொள் என்று நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

ஒருநாள் விளக்கு மங்கலாக இருக்கிறது என்றாள். எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். அடுத்த செட்டுக்குப் பெரிய பல்பாகப் போட்டேன். பரவாயில்லை என்றாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி மங்கல். மறுபடி பெரிய பல்பு. அக்கா சொன்னால் அது மங்கல்தான், அதில் எனக்குச் சந்தேகமே வராது. அவள் கண்ணுக்குப் பொருந்தும்வரை ஏற்றி, அதே அளவில்தான் எல்லாருக்கும் கொடுத்தேன்.

வாங்கியவர்கள் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். அவனியாபுரத்து டீக்கடைக்காரர் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“அண்ணே, பாட்டுக் கேக்கத்தான் செட்டு குடுத்தேன். நீங்க பெட்ரோமாக்ஸ் ஆக்கிக் குடுத்திருக்கீக. சாயந்தரமானா ஈசல் பூராம் இதுலதான் வந்து விழுகுது. நான் டீ ஆத்துறதா, ஈசலக் கூட்டுறதா?”

முள்ளின் பிளாஸ்டிக் உருகி வளைந்திருந்தது. நான் அசரவில்லை. இது அளந்து பார்த்து வைத்த வெளிச்சம், என் அக்கா சரி என்று சொன்ன வெளிச்சம், குறை வெளிச்சத்தில் இல்லை, உங்கள் கண்ணில் இருக்கிறது, நல்ல கண் டாக்டராகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சந்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு நல்ல மதிப்பு.

அதே சமயத்தில்தான் அக்கா இன்னொன்றையும் சொன்னாள். இருட்டு அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறம் தெரிகிறது, உள்ளே நீலம், வெளியே சிவப்பு, வானவில்லை வளைத்துக் கட்டின மாதிரி இருக்கிறது என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்தேன். அவளுக்குத் தெரிகிறது என்றால் அது என் வளையல் துண்டுகள் செய்கிற வேலைதான் என்று முடிவு கட்டினேன். நானே அறியாமல் வானவில்லைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். கடைக்கு வந்தவர்களிடம், உற்றுப் பார்த்தால் விளக்கைச் சுற்றி வானவில் தெரியும், அதுதான் இதில் விசேஷம் என்று சொல்லத் தொடங்கினேன். பாதிப் பேர் தெரிகிறது என்று தலையாட்டினார்கள். மதுரைக்காரர்கள் அப்படி ஒரு மரியாதைப்பட்டவர்கள்.

சில மதியங்களில் பாட்டு முடியும்போது அவள் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொள்வாள். தைலம் தேய்த்துக்கொண்டு, ஜன்னல் போர்வையை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் சரியாகிவிடும். உன் ரேடியோவில் வருகிற பாட்டு அப்படி என்பாள். ஒரு தடவை ஒரு பெண்ணின் ரவிக்கையில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணைப் பின்பக்கமாக நடக்கச் சொல்லிவிட்டால் சரியாகப் போய்விடும் என்றேன். நான் சொன்ன நகைச்சுவைகளை எல்லாம் எண்ணிப் பார்த்தால், அந்த ஒன்றரை வருஷத்தில்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

வைகாசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்காகப் பெரிய செட் ஒன்று செய்தேன். இரண்டு முள், இரண்டு விளக்கு. அன்றைக்கு மதியம் முழுதும் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தோம். ஒரு விளக்கை இந்தப் பக்கமிருந்தும் மற்றதை அந்தப் பக்கமிருந்தும் நகர்த்தி நடுவில் சந்திக்க வைத்து விளையாடினாள். நான் கிளம்பும்போது வலது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கியது என்றாள். சாயந்தரம் வாந்தி எடுத்தாளாம். மறுநாள் போய்ப் பார்த்தபோது சுருண்டு படுத்திருந்தாள். தலையில் பாதி வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பித்தம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பித்தம் என்றே நானும் சொன்னேன். இஞ்சி தட்டிச் சாறு எடுத்துக் கொடுத்தேன். போர்டில் டாக்டர் என்று போட்டிருந்தவன் நான்தானே.

மூன்றாம் நாள் காலையில் மச்சானுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் போயிருக்கிறது. அவள் அது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாளாம். மச்சான் அதிகம் பேசாத மனிதர். சட்டையை மாட்டிக்கொண்டு, அவளைப் பஸ்ஸில் ஏற்றி, வழியில் இறங்கி என் கடை வாசலுக்கு வந்து, “மாப்ள, கடையைச் சாத்து” என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குள் ஓட வேண்டிய நீர் ஓடாமல் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கியிருக்கிறது என்றார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஓரங்கள் போய்விட்டன. ஒரே நாளில் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது, முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வந்து வந்து போயிருக்கும் என்று சொல்லிவிட்டு அக்காவிடம் கேட்டார்:

“விளக்கைப் பார்க்கும்போது அதைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிஞ்சிருக்குமே? எத்தனை நாளா அப்படி?”

நான் சுவரோரம் நின்றிருந்தேன். மச்சான் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால். அக்கா முகத்தை மெதுவாக நான் நின்ற பக்கம் திருப்பினாள். நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரிந்ததா, என் மூச்சுக் கேட்டதா, எனக்குத் தெரியாது.

“இல்லைங்க டாக்டர். அப்படி ஒண்ணும் தெரியலையே” என்றாள்.

டாக்டர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் இல்லை என்றாள். சில பேருக்குத் தெரியாமலும் வரும் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு மச்சானிடம் சொன்னார், இவர்கள் இனிமேல் இருட்டு அறையில் உட்காரவே கூடாது, இருட்டில் கண்ணின் பாப்பா விரியும், இந்த மாதிரிக் கண்ணில் அப்போதுதான் அழுத்தம் ஏறும், சினிமாக்கூட வேண்டாம். மச்சான், நாங்கள் எங்கே டாக்டர் சினிமாவுக்குப் போகிறோம் என்றார். அந்த மதியங்களில் அவர் மில்லில் இருந்தார்.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கொஞ்சம் மிஞ்சியது. மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி, நேரே இருப்பது மட்டும் தெரியும். அந்தக் குழாய்க்குள் ஊசிமுனையைப் பிடித்துவைத்துக்கொண்டு அவள் மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு ரவிக்கைக்கு மூன்று நாள் ஆனது.

நான் கடைகடையாகப் போனேன். சர்வீஸ் செய்து தருகிறேன் என்று பொய் சொல்லி, பொருத்திக் கொடுத்த பெரிய பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டுச் சின்னதாகப் போட்டேன். அது அக்கா கண்ணுக்கு ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வெளிச்சம் ஊரில் நாற்பது இடத்தில் எரிந்துகொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அக்காவின் கண் எவ்வளவு போயிருந்தது என்று ஊருக்கே எழுதி ஒட்டினது மாதிரி இருந்தது. அவனியாபுரத்து டீக்கடைக்காரர் புது வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் சரியாக இருக்கிறது, போன தடவையே கேட்டிருக்கலாம்ல அண்ணே என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. ஆமாம், கேட்டிருக்கலாம் என்றேன். அவருக்கு அது ஆச்சரியம். நான் எதையும் ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை.

பிறகு எண்பதுகள் வந்துவிட்டன. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த டேப்ரிக்கார்டர்களில் கடுகு மாதிரி சிவப்பு விளக்குகள் வரிசையாக ஏறி இறங்கி ஆடின. சூடே இல்லை. என் சலூன் விளக்கு செய்ய நினைத்ததை எல்லாம் புகையில்லாமல் செய்தன. கெட்டுப்போனால் பிரித்துச் சரிசெய்து கொடுப்பேன். நானாக எதையும் சேர்ப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்காவின் இடது கண்ணைச் சோதிக்க வேண்டும். மச்சானுக்கு லீவு கிடைக்காது, நான் கூட்டிப் போவேன். மூன்றாம் வருஷம் ஒருநாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தோம். மூன்று வருஷமாக நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டிருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு ஏன்க்கா அப்படிச் சொன்ன? வட்டம் தெரியலைன்னு?”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“பின்ன என்னடா சொல்லச் சொல்ற? ஒண்ணரை வருசமாத் தெரியுது, தம்பிகிட்டதான் சொன்னேன், அவன் அதை விளம்பரம் பண்ணிட்டுத் திரிஞ்சான்னா? அவுக உன்னைய வீட்டுப்படி ஏறவிட்டிருப்பாகளா?”

“ஏறவிடாம இருந்திருந்தா நல்லதுதான்.”

“ஆமா, உன்னைய விட்டா எனக்கு யாரு ஜோக்கு சொல்றா? அதோட நீ ஆயுசுல உருப்படியாப் பண்ணுனது அந்த ஒரு லைட்டுதான். அதையும் சீக்குன்னு சொல்லிட்டா உங்கிட்ட என்னடா மிச்சம் இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். பக்கத்தில் கண்ணில் கட்டோடு இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று தெரியவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவளுக்கு நேரே இருப்பதுதான் தெரியும். நான் பக்கத்தில் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரலைத் தாழ்த்தினாள். கண் இன்னும் குறைந்திருந்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டும் என்று போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தார். தையலை அடியோடு நிறுத்தவும் சொல்லியிருந்தார். அந்த ஆபரேஷனில் மிச்சமும் போய்விடுமோ என்ற பயம் ஒன்று அவளுக்கு. மிஷினை எடுத்துவிட்டால் பகல் முழுக்க என்ன செய்வது என்பது இன்னொன்று. சோதனை எப்படி நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம்.

“இந்தத் தடவை கைத்தாங்கலா நீயும் உள்ள வா. டெஸ்ட் பண்ற பிள்ளை குச்சியை ஓரத்துலருந்து உள்ள கொண்டுவரும்ல, அப்ப லேசா இருமு. நான் தெரியுதுன்னு சொல்லிருவேன். உனக்காக நான் ஒண்ணு சொன்னேன்ல, எனக்காக நீ ஒண்ணு செய்யி.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த நிமிஷத்தில் செய்வதாகத்தான் இருந்தேன்.

சோதனை அறையில் சுவர் நிறையக் கறுப்புத் துணி விரித்திருக்கும். அக்காவை அதற்கு எதிரே உட்காரவைத்து, வலது கண்ணை மூடி, நடுவில் இருந்த புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சோதிக்கிற பெண் கறுப்புக் குச்சி ஒன்றை வைத்திருந்தார். அதன் நுனியில் பாசிப்பயறு அளவு வெள்ளைப் பொட்டு. அதைத் துணியின் ஓரத்திலிருந்து மெல்ல நடுப்பக்கம் நகர்த்துவார். பொட்டு தெரிந்ததும் தெரியுது என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்துவார். கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவன் என்பதால் என்னைக் கதவோரம் நிற்கவிட்டார்.

குச்சி இடது ஓரத்தில் கிளம்பியது. அக்காவின் கண் புள்ளியில் இருந்தது, காது என் பக்கம் இருந்தது. கழுத்து நரம்பு அசையாமல் அவள் காத்திருந்தாள். வெள்ளைப் பொட்டு ஒரு சாண் வந்தது, இரண்டு சாண் வந்தது. எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒன்று அவளுக்கு இல்லவே இல்லை என்பதை நான் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இந்த மூன்று வருஷமும் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் வேறு. தொண்டையில் இருமல் தயாராக இருந்தது. நிஜமாகவே அரித்தது.

நான் இருமவில்லை.

பொட்டு நடுப்புள்ளிக்குக் கிட்டத்தில் வந்த பிறகு, “தெரியுது” என்றாள். குரலில் ஒரு சுருக்கம். அந்தப் பெண் ஊசி குத்திவிட்டு மேலிருந்து அடுத்ததைத் தொடங்கினார். அக்கா தலையை ஒரு விரற்கடை என் பக்கம் சாய்த்தாள். அசையாதீங்கம்மா என்றார் அந்தப் பெண். மேலிருந்து வந்தது, வலமிருந்து வந்தது, கீழிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் என் இருமலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் காத்திருப்பதை விட்டுவிட்டாள். எட்டுத் திசையிலும் வந்து முடியும்வரை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததில்லை.

ஊசிகளைச் சேர்த்துப் பார்த்தேன். போன தடவை வரைபடத்தில் அவள் பார்வை ஆப்பம் அளவுக்கு இருந்தது. இப்போது பணியாரம்.

டாக்டர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார். மிஷினில் உட்காரக் கூடாது என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள். சீட்டை வாங்கி மடித்து என் சட்டைப்பையில் அவளே தடவி வைத்தாள்.

மாடியிலிருந்து இறங்கும்போது எப்போதும் போல என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். படி படியாக இறங்கினோம். நான் ஒவ்வொரு படிக்கும் ‘படி, படி’ என்று சொல்லிக்கொண்டு வந்தேன். திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்றாள்.

“சளி விட்டுருச்சாடா உனக்கு?” என்றாள்.

“விட்டுருச்சுக்கா.”

அவள் என் கையை விடவில்லை. இன்னும் எட்டுப் படி இருந்தது.